பாசிட்டிவ் இல்லாத புதுவை

பூவிழி போன் செய்தபோது விமல்ராஜ் சேதராப்பட்டில், தான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் குடம் கம்பெனியின் கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பூவிழியோடு அவனுக்குப் பழக்கம். போன தீபாவளிக்கு முன்னால் அவன் ஊர் திரும்பியதும், சண்டை எதுவும் இல்லாமல் அது தானாகவே தேய்ந்து முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

“பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல, சொல்லு.”

“ஆபீஸ்ல ரத்த தான கேம்ப் வச்சாங்க. குடுத்தேன். அப்புறம் கூப்ட்டு இன்னொரு தரம் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. சிபிலிஸ்னு வந்திருக்கு. ஊசி போட்டுக்கிட்டேன். உன்கிட்டருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டருந்து உனக்கு வந்துச்சா, அதெல்லாம் பேச வேணாம். பழகினவங்களுக்குச் சொல்லிடுன்னு டாக்டர் சொன்னாரு. அதான் சொல்றேன். நீயும் போய் டெஸ்ட் பண்ணிக்கோ.”

“எனக்கு ஒன்னும் இல்லியே.”

“எனக்கும்தான் ஒன்னும் இல்ல. ரத்தத்துல இருந்துச்சு.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஷிப்ட் முடியும்வரை குடங்களின் வாய் ஓரத்துப் பிசிறை வெட்டியபடியே விமல்ராஜ் யோசித்தான். சென்னையில் இருந்தபோது ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காத புண்ணைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது என்று தேங்காய் எண்ணெய் தடவினான். சில வாரங்களில் அது மறைந்துவிட்டது. எண்ணெய்தான் ஆற்றியது என்று இத்தனை நாள் நம்பியிருந்தான்.

அவன் பயந்தது புண்ணுக்காக அல்ல, ஹேமலதாவுக்காக. இருவருக்கும் காலாப்பட்டுக்கு அப்பால் ஒரே கடலோரக் குப்பம். அவள் நேரு வீதித் துணிக்கடை ஒன்றில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். தை மாதம் நிச்சயம் முடிந்து, வைகாசியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். மாசிமகத்தன்று ஊரே சாமி பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தது. இவர்கள் இருவர் மட்டும் போகவில்லை.

ஊருக்கு வரும் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு விளம்பரம் உண்டு. ‘இளைஞனே, தயங்காதே, வா. பரிசோதனை இலவசம். ரகசியம் காக்கப்படும்.’ அதன் கீழே, பஸ் நின்றால் மட்டுமே முழுதாகப் படிக்க முடிகிற ஒரு பெயர்: இளைஞர் உடல்நல விழிப்புணர்வு மற்றும் நன்னடத்தை மேம்பாட்டு இயக்ககம். மறுநாள் லீவு போட்டுவிட்டு விமல்ராஜ் அங்கே போனான்.

இயக்ககத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. ஆரம்பத்தில் அதன் வாசல் பலகையில் ‘பால்வினை நோய்த் தடுப்பு இயக்ககம்’ என்றுதான் எழுதியிருந்தது. குடும்பத்துப் பெண்கள் நடக்கிற தெருவில் இப்படி ஒரு வார்த்தையா என்று யாரோ மனுக் கொடுத்தார்கள். முதல் வார்த்தையின் மேல் வெள்ளை அடித்தார்கள். ‘நோய்த் தடுப்பு’ என்பது மிஞ்சியதும், நாய் கடித்தவர்கள் ஊசி போட வரத் தொடங்கினார்கள். அதன் மேலும் வெள்ளை அடித்தார்கள். இப்போது பலகையில் ‘இயக்ககம்’ என்று மட்டும் இருந்தது. அரசு சர்க்கரை நோய் மருத்துவமனையின் அதே வளாகத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது.

கவுன்டரில் தடித்த கண்ணாடி. உள்ளே ஒரு பெண், வெளியே ஒரு மைக். கண்ணாடி வழியாகக் குரல் கேட்காததால், வருகிறவர் தன் தேவையை மைக்கில் சொல்ல வேண்டும்; அது உள்ளேயும் கேட்கும், வளாகம் முழுவதும் கேட்கும்.

“எதுக்கு வந்தீங்க?”

“ரத்த டெஸ்ட்டுக்கு.”

“இன்னா டெஸ்ட்டு?”

சிபிலிஸுக்கான பரிசோதனையின் பெயரை விமல்ராஜ் முந்தின இரவு போனில் தேடி வைத்திருந்தான்; யாருக்கும் புரியாது என்கிற நம்பிக்கையில், “வி.டி.ஆர்.எல்.” என்றான்.

உள்ளே இருந்த பெண் அதையும், அவன் பெயர், அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது. “விமல்ராஜ், தகப்பனார் பெயர் பஞ்சநாதன், ரகசியப் பரிசோதனைக்கு வந்திருப்பவர், முதலில் விழிப்புணர்வு அரங்கத்துக்குச் செல்லவும்.”

சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்த பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஹேமலதாவின் அப்பாவோடு பிறந்தவள். குப்பத்து மீனைக் கூடையில் வைத்து உழவர்கரை காலனிகளில் விற்பவள். ஒரு சேதியை மீனோடு சேர்த்து எத்தனை வீட்டுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடியவள்.

“விமலு, நீயா? உடம்புக்கு இன்னாடா?”

“ஒன்னுமில்ல சின்னம்மா. கம்பெனில கேட்டாங்க.”

“கம்பெனில ரகசியமாவா கேட்டாங்க?”

அவன் அரங்கத்துக்குள் போனான்.

விழிப்புணர்வு பெறாத யாருக்கும் இயக்ககத்தில் ரத்தம் எடுப்பதில்லை. விழிப்புணர்வு இல்லாதவருக்கு நோய் இருப்பது தெரிந்துவிட்டால் அவர் அதிர்ச்சி அடையக் கூடும் என்பது காரணம். அரங்கத்தில் நர்சிங் கல்லூரி மாணவிகள் கொஞ்சம் பேர் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் தெய்வசிகாமணி மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பருத்தியில் மடிப்புக் கலையாத சட்டை; இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தப்படுகிற முகம்.

“இளம் வயதினரிடையே இந்நோய்க்கான அபாயக் காரணிகள் என்னென்ன என்று நமது இயக்ககம் பெரியதோர் ஆய்வு நடத்தியது,” என்றார். “இளைஞர்களிடமே இதையெல்லாம் கேட்பது பண்பாடாகாது. ஆகவே பெற்றோரிடம் கேட்டோம். ஒருவர் விடாமல் எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்ல என்று உறுதியளித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மீதுதான் அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. எனவே, புதுவையில் இந்நோயின் அபாயம் முழுக்க முழுக்கப் பக்கத்து வீடுகளில்தான் இருக்கிறது என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகியுள்ளது.”

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

“மற்ற காரணிகள்: பின்சீட்டு உயரமாக உள்ள மோட்டார் சைக்கிள். வாடகை அறை. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரை. சனி ஞாயிறில் பெங்களூரிலிருந்து வருகிற கார்கள். இது நம் ஊர் நோய் அல்ல. பிரெஞ்சுக்காரன் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான், இதையும்தான். இப்போது இருப்பது வெளியூர்க்காரர்களுடையது. அவர்கள் திங்கட்கிழமை காலை திரும்பப் போகும்போது நோயும் அவர்களோடு போய்விடுகிறது.”

பிறகு செயல்விளக்கம் நடந்தது. உதவியாளர் ஒருவர் முத்திரையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இயக்குநர் அதைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

“இந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை முறையாகப் பயன்படுத்தினால் பெரும்பாலும் நோய் வராது. எப்படிப் பயன்படுத்துவது என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது.”

விமல்ராஜ் கை தூக்கினான். “சார், அத இங்க குடுப்பீங்களா?”

தெய்வசிகாமணி அவனை வருத்தத்தோடு பார்த்தார். “கொடுத்தால் நாமே தூண்டியது போல் ஆகிவிடும் தம்பி. பெட்டி விழிப்புணர்வுக்காக மட்டும்.”

பெட்டி அலமாரிக்குள் போனது. அலமாரி பூட்டப்பட்டது.

அடுத்து ஆலோசனை அறை. ஆலோசகர் ராஜாம்பாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அந்த வளாகத்தில் அவனிடம் மெதுவாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

“கல்யாணம் ஆச்சாப்பா?”

“இல்லம்மா. வைகாசில.”

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். அது உடனே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று காட்டியது.

“முடிஞ்சுட்டுது,” என்றார் ராஜாம்பாள். “கல்யாணம் ஆகாதவங்களுக்கு அபாயம் இல்லைன்னு சாப்ட்வேர்ல இருக்கு. மேல கேள்வி வராது.”

“ஆனா நான் பழகியிருக்கேன்மா.”

“எனக்குப் புரியுதுப்பா. அதுக்குப் புரியாது.” கீபோர்டை மறுபடி தன் பக்கம் இழுத்தார். “கல்யாணம் ஆச்சுன்னு போடலாம். ஆனா அப்ப ‘மனைவியோடு மட்டும்’னு அதுவே நிரப்பிக்கிட்டு அபாயம் இல்லைன்னு காட்டும். நீ லாரி ஓட்டுறியா?”

“இல்லம்மா. குடம் கம்பெனி.”

“லாரின்னு போட்டாத்தான் ரத்தம் எடுக்க உடுது. போட்டுடட்டுமா?”

விமல்ராஜ் லாரி ஓட்டுநர் ஆனான். கம்ப்யூட்டர் லைசென்ஸ் எண் கேட்டபோது ராஜாம்பாள் தன் ஸ்கூட்டர் லைசென்ஸ் எண்ணைப் போட்டுக்கொடுத்தார். “யார்கிட்டயும் சொல்லாத,” என்றார். இயக்ககத்தில் காக்கப்பட்ட ஒரே ரகசியம் அதுதான்.

பரிசோதனைக் கூடத்தில் செம்மல் என்கிற இளைஞர் ரத்தம் எடுத்து, வெளியே காத்திருக்கச் சொன்னார். மத்தியானம் கழித்துக் கூப்பிட்டார்.

“ரிசல்ட் வந்துட்டுது,” என்றார் செம்மல்.

“இன்னா சார்?”

“நான் சொல்லக் கூடாது. ரகசியம்.”

“என் ரத்தம்தானே சார்.”

“உங்க ரத்தம்தான். ஆனா ரிசல்ட்டு இயக்ககத்துது. டைரக்டர் கையெழுத்து இல்லாம யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. உங்களுக்கும்தான்.” செம்மல் கையுறையைக் கழற்றினார். கதவைப் பார்த்துக்கொண்டே, “வெளிய எங்கியாவது போய் எடுத்துப் பாத்துக்குங்க. தள்ளிப் போடாதீங்க,” என்றார்.

அதைக் கேட்டும் விமல்ராஜ் வெளியே போய் எடுக்கவில்லை. முடிவு இந்தக் கட்டடத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழாமலே இருந்தால் அப்படி எதுவும் இல்லை என்றும் ஆகிவிடலாம் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. அவன் இயக்குநரைப் பார்க்கப் போனான்.

தெய்வசிகாமணி அவனை அன்பாகவே வரவேற்றார். அவர் தலைக்கு மேல் ‘பாசிட்டிவ் இல்லாத புதுவை: நமது இலக்கு’ என்று ஒரு பேனர் தொங்கியது.

“தம்பி, நான் மூன்று வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இத்தனை ஆயிரம் பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறோம். இதுவரை ஒருவருக்குக்கூட நோய் இருப்பதாக நாங்கள் சொன்னது கிடையாது. இந்த வருட ஆண்டு விழாவில் இந்தச் சாதனைக்காக டில்லியிலிருந்து கேடயம் கொடுக்கிறார்கள்.”

“என்னுதுல நோய் இருக்குதா சார்?”

“அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் பாசிட்டிவ். சொல்லாத வரைக்கும் நீங்கள் பயனாளி. எதுவாக இருக்க ஆசைப்படுகிறீர்கள்?”

“எனக்குக் கல்யாணம் சார். அந்தப் பொண்ணுக்கு...”

“வாழ்த்துக்கள்,” என்றார் இயக்குநர். “ஆண்டு விழா முடியட்டும். அப்புறம் எல்லாக் கோப்பையும் பார்த்துவிடலாம்.”

அதற்குப் பிறகு ஷிப்ட் மாறுகிற நாளிலெல்லாம் விமல்ராஜ் இயக்ககத்துக்குப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்படித் தானாக வருகிற இளைஞனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சேவை செய்ய வருகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் நாற்காலி தூக்கிப் போடச் சொன்னார்கள். இன்னொரு நாள் மஞ்சள் பனியனைக் கொடுத்து, கடற்கரைச் சாலை ஊர்வலத்தில் ‘தயங்காதே’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். நடந்தால் இயக்குநர் கண்ணில் படலாம் என்று அவனும் நடந்தான். இயக்குநர் கண்ணில் பட்டான். ஆண்டு விழாவில் ‘சிறந்த விழிப்புணர்வு இளைஞர்’ என்று அவன் பெயரை வாசித்து, சால்வை போர்த்தி, கேடயத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மேடையில் அவன் மெதுவாக, “சார், என் ரிசல்ட்டு,” என்றான். தெய்வசிகாமணி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, “கோப்பு வருது தம்பி,” என்றார்.

படம் மறுநாள் பேப்பரில் வந்தது. துணிக்கடையில் ஹேமலதாவோடு நிற்கும் பெண் அதை அவளிடம் காட்டினாள். ரகசியப் பரிசோதனை என்று மைக்கில் கேட்டதாக அத்தை பச்சையம்மாள் வீட்டில் சொன்னபோது ஹேமலதா நம்பியிருக்கவில்லை. படத்தின் கீழே இயக்ககத்தின் பெயரை முழுவதும் படித்தாள்.

அன்று சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டில் காலாப்பட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு விமல்ராஜை வரச் சொன்னாள். பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

“எதுக்கு அங்க போன?”

அவன் சொன்னான். பூவிழியின் போன், வலிக்காத புண், லாரி, மஞ்சள் பனியன், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஹேமலதா பூவிழியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“மாசிமகத்துக்கு முன்னாடியே புண்ணு வந்துச்சா?”

“ஆமாம்.”

“அப்ப எனக்கும் இருக்கும்.”

“இருக்கலாம்.”

“என்கிட்ட எப்ப சொல்லலாம்னு இருந்த?”

“ரிசல்ட்டு வந்ததும்.”

“ரிசல்ட்டு எப்ப வரும்?”

“கோப்பு வருதுன்னாரு.”

ஹேமலதா அழவில்லை. “இத்தினி நாளா எனக்குள்ள இது ஓடிக்கிட்டிருக்கு. நீ சால்வை வாங்கிக்கிட்டு நிக்கிற,” என்றாள்.

மறுநாள் காலை இருவரும் உழவர்கரையில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனார்கள். துணிக்கடைத் தோழி சொன்ன இடம். டாக்டர் அரீபா அவர்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். எப்போது, யாரோடு, உறை போட்டீர்களா, புண் வந்ததா என்று, காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் இருந்தது.

“ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. ஊசியில சரியாயிடும்,” என்றார். “கவனிக்காம உட்டா வருஷக்கணக்கா உள்ளயே இருந்து மூளை, இதயம்னு போகும். வயித்துல குழந்தை இருந்தா அதுக்கும் போகும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும். நடுவுல நான் சொல்ற வரைக்கும் ஒன்னா இருக்கக் கூடாது. புரியுதா?”

ஹேமலதா, “இனிமே எப்பவும் இல்ல டாக்டர்,” என்றாள். அரீபா அதை எழுதிக்கொள்ளவில்லை.

இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி. ஹேமலதா வெளியே வந்து, நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமல்ராஜ் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினான். “வேணாம். நானே நடக்கறேன்,” என்று சொல்லி, தனி ஆட்டோவில் ஏறிப் போனாள்.

இரண்டு வீட்டாரும் இதைப் பேசக் கூடியபோது பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. கிளினிக் வாசலில் அவர்களைப் பார்த்துவிட்ட பச்சையம்மாளின் மீன்கூடை போகாத வீடு இல்லை. யாருக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விமல்ராஜ் எல்லார் முன்னாலும், “தப்பு என்னுது. என்னாலதான் அவளுக்கு வந்துச்சு,” என்றான்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாத்தீங்களா, எவ்வளவு நல்ல புள்ள,” என்றார் ஒருவர். “அந்தப் பொண்ணோட பழியத் தன் தலையில போட்டுக்குது.”

“நெசமாவே நான்தான்.”

“உனக்கு எப்படிப்பா வரும்? கவருமெண்டே சால்வை போட்டு, உன்ன மாதிரி புள்ள ஊர்ல இல்லன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு டவுன்ல கடையில நிக்குது. எட்டு மணிக்கு வீட்டுக்கு வருது.”

விமல்ராஜின் அம்மா பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தாள். நிச்சயம் ரத்தானது. ஹேமலதாவின் அப்பா மறுவாரத்திலிருந்து அவளைக் கடைக்குப் போக வேண்டாம் என்றார். அவள் போனாள். போகும்போது தெருவில் பேச்சு நின்றது; அவள் கடந்ததும் மறுபடி தொடங்கியது.

அந்த நிலையில்தான் இயக்ககத்தின் விழிப்புணர்வு வாகனம் குப்பத்துக்கு வந்தது. சிறந்த இளைஞரை உருவாக்கிய கிராமத்தைக் கௌரவிப்பது என்று முடிவாகியிருந்தது. கோயில் பக்கத்துத் திடலில் பந்தல் போட்டார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். தெய்வசிகாமணி அபாயக் காரணிகளைச் சொன்னார். பெட்டியைக் காட்டினார். பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு விமல்ராஜை மேடைக்கு அழைத்து, தன் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்.

விமல்ராஜ் மைக்கைப் பிடித்தான்.

“எனக்கு சிபிலிஸ் வந்துச்சு,” என்றான். “சென்னையில இருந்தப்ப. தெரியாம ஹேமலதாவுக்குக் குடுத்துட்டேன். அவ மேல எந்தத் தப்பும் இல்ல. இந்த ஆபீஸ்ல என் ரிசல்ட்ட இன்னிக்கி வரைக்கும் எனக்குச் சொல்லல.”

தெய்வசிகாமணி எழுந்து வந்து, அவன் தோளில் கை போட்டு, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“நோய் வந்தவர் எப்படி மனம் உடைந்து பேசுவார் என்பதை நம் தம்பி எவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டினார்,” என்றார். “விழிப்புணர்வு நாடகம் என்றால் இப்படி இருக்க வேண்டும். எல்லோரும் கை தட்டுங்கள்.”

எல்லோரும் கை தட்டினார்கள். விமல்ராஜின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் மைக்குக்காகக் கை நீட்டியபடி நின்றான். கைதட்டல் இன்னும் பலமானது.

“யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?” என்று இயக்குநர் கேட்டார். நன்றியுரைக்கு முன்னால் கேட்பது வழக்கம். பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஹேமலதா எழுந்தாள். அம்மா பிடித்து இழுத்த புடவையை விடுவித்துக்கொண்டாள்.

“டெஸ்ட்டு எங்க எடுக்கறது?”

“நல்ல கேள்வி. அதைப் பற்றி அடுத்த கட்டத்தில்...”

“எனக்கு வந்துச்சு,” என்றாள் ஹேமலதா. மைக் அவளிடம் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய ஊர். கடைசி வரிசைவரை கேட்டது. “அவன் நடிக்கல. நானும் நடிக்கல. ரத்தம் எடுத்துப் பாத்தேன், ஊசி போட்டுக்கிட்டேன். உழவர்கரையில டாக்டர் அரீபான்னு இருக்காங்க. மைக்குல கூப்பிட மாட்டாங்க. வலிக்காது, அரிக்காது, ஒன்னுமே தெரியாது. ரத்தத்துல இருக்கும். அத இவர் சொல்லல.”

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தெய்வசிகாமணி ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தார். தேசிய கீதம் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹேமலதா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் விமல்ராஜ் அவள் பக்கத்தில் வந்தான். “உன்னாண்ட ஒன்னு சொல்லணும்,” என்றான். “சொல்ல வேண்டியத நேரத்துக்குச் சொல்லியிருக்கணும்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டில் அன்று அவளோடு யாரும் பேசவில்லை. பச்சையம்மாள் மட்டும் வாசலில் நின்று, இனிமேல் இந்தத் தெருவில் யார் வீட்டிலும் பெண் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஹேமலதா வழக்கம்போல் தலை வாரி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். டீக்கடையில் பேச்சு நின்றது.

பஸ் நிறுத்தத்தில் ஜெயம் நின்றிருந்தாள். எதிர்வீட்டுக்குத் தை மாதம்தான் வாழ வந்தவள். ஹேமலதாவைவிட ஒரு வயது சின்னவள். புருஷனுக்கு மங்களூரில் மீன்பிடி போட்டில் வேலை; மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். கழுத்தில் புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. ஹேமலதா தள்ளி நின்றாள். ஜெயம் பக்கத்தில் வந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

“அக்கா, அந்த டாக்டரு... புருஷன் கூட வரணும்னு சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“யாருக்காவது தெரியுமா?”

“என்கூட வந்தா, என்னைப் பத்தித்தான் பேசுவாங்க. உன்ன கவனிக்க மாட்டாங்க.”

டவுனுக்குப் போகும் பஸ் வருவது தெரிந்தது. ஜெயம் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“எப்ப போலாம்?”

“கடைக்கு லேட்டா வரேன்னு போன் பண்ணிடறேன்,” என்றாள் ஹேமலதா. “ஏறு.”